துளைகளில் எழுதிய பெயர்கள்

புதிதாக வாங்கிய பித்தளைக் குடத்தின் கழுத்தில் உளிகொண்டு புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவது நம் ஊர்ப் பாத்திரக் கடைகளின் நெடுநாள் வழக்கம். அழகுக்காக அப்பெயர் வெட்டப்படுவதில்லை. கல்யாண வீட்டுக்கு இரவல் போன குடம் நூறு குடங்களுக்கு நடுவில் கிடந்தாலும் அடையாளம் தெரிந்து வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக வெட்டப்படுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலை முற்றத்தில் குவிந்த பொதிகளின்மேல் சுங்கக் காவலர் சோழனின் புலிப்பொறியை இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பொருள் பலர் கைகளில் புழங்கும் இடங்களில் எல்லாம் உடையவன் தன் அடையாளத்தை அதன்மேல் பதிக்க விரும்பியிருக்கிறான். விரல்நுனி அளவே உள்ள ஒரு காகிதத் துண்டின்மேல், மை தொடாமல், வெறும் துளைகளாலேயே இவ்வாறு பெயர் பொறித்த ஒரு வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக உலகெங்கும் இருந்தது. அதன் வரலாற்றையே இக்கட்டுரையில் காண இருக்கிறோம்.

பழைய தபால்தலைகளைக் கிளறும்போது சிலவற்றின் நடுவே ஊசியால் குத்தியதுபோல் சிறு துளைகள் தென்படும். பூச்சி அரித்ததென்று எண்ணிப் பலர் ஒதுக்கிவிடுவர். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலோ, கறுப்புக் காகிதத்தின்மேல் கவிழ்த்து வைத்தாலோ, அத்துளைகள் எழுத்துகளாகத் திரண்டு நிற்பதைக் காணலாம். ஒரு வங்கியின் பெயர் முதலெழுத்துகளாக இருக்கலாம். ஓர் இரயில்வே நிறுவனத்தின், ஒரு காப்பீட்டுக் கழகத்தின், ஓர் அரசுத் துறையின் எழுத்துகளாகவும் இருக்கலாம். சேகரிப்போர் இவற்றைப் 'பெர்ஃபின்' என்பர். துளையிட்ட முதலெழுத்துகள் என்னும் பொருள்தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலைகளை ஒட்டவைத்துப் பிறந்த பெயர் அது.

இத்துளைகள் ஏன் தேவைப்பட்டன என்பதை அறியத் தபால்தலையின் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

*

1840 மே 6ஆம் நாள் பிரிட்டனில் 'பென்னி பிளாக்' என்னும் முதல் தபால்தலை புழக்கத்துக்கு வந்தது. ரோலண்ட் ஹில் வகுத்த திட்டம் எளியது. தூரம் எதுவாயினும் அரை அவுன்ஸ் எடைக்குள் அடங்கும் கடிதத்துக்கு ஒரு பென்னி. அதையும் பெறுபவர் அல்லாமல் அனுப்புபவர் முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும். செலுத்தியதற்குச் சான்றே அந்த ஒட்டும் காகிதம்.

அரசுக்கு உடனே இரண்டு அச்சங்கள் எழுந்தன. ஒன்று, கள்ளத் தலை அச்சிடப்படுமோ என்பது. மற்றொன்று, ஒருமுறை பயன்பட்ட தலையைக் கழுவி மீண்டும் ஒட்டிவிடுவார்களோ என்பது. முதலாவதைத் தடுக்க ஒவ்வொரு தலையின் கீழ்மூலைகளிலும் வெவ்வேறு எழுத்திணைகளைப் பொறித்தார்கள். கறுப்புத் தலைமேல் இட்ட சிவப்பு முத்திரையை எளிதில் அழித்துவிட முடிந்ததால், 1841இல் தலையைச் சிவப்பாகவும் முத்திரையைக் கறுப்பாகவும் மாற்றினார்கள். அரசின் வருவாய்க்குக் காவல் கிடைத்தது. ஆனால் தலையைக் காசு கொடுத்து வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்த வணிகருக்கு எந்தக் காவலும் கிடைக்கவில்லை.

அக்காலத் தாள் ஒன்றின் அமைப்பை இங்கே நினைவில் கொள்வது நல்லது. ஒரு பென்னித் தாளில் வரிசைக்கு 12 தலைகள். மொத்தம் 20 வரிசைகள். ஆக 240 தலைகள். அன்றைய நாணயக் கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுன். எனவே ஒரு வரிசை என்பது சரியாக ஒரு ஷில்லிங். முழுத் தாள் என்பது சரியாக ஒரு பவுன். எண்ணுவதற்கு இவ்வளவு எளிதான தாளைப் பணமாகவே கருதுவது மக்களுக்கு இயல்பாயிற்று. வெளியூர்க் கடையிலிருந்து சிறு பொருள் ஒன்றைத் தருவிக்க விரும்புவோர் அதன் விலைக்குத் தபால்தலைகளையே உறையில் வைத்து அனுப்பினர். சிறு தொகைகளை அனுப்புவதற்கென்றே வந்த போஸ்டல் ஆர்டர் பிரிட்டனில் 1881இல்தான் தொடங்கியது. அதுவரை எளியவரின் சில்லறைக் காகிதப் பணமாகத் தபால்தலையே புழங்கியது எனலாம். போதாக்குறைக்கு, பயன்படாத தலைகளைச் சிறு கழிவு பிடித்துக்கொண்டு அஞ்சலகங்களே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது.

இனி அந்த வணிகரின் அலுவலகத்தை எண்ணிப் பார்ப்போம். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கடிதங்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. தலைகளை நாவால் நனைத்து ஒட்டுபவன் குறைந்த ஊதியம் பெறும் இளம் எழுத்தன். அல்லது அவனுக்கும் கீழே உள்ள எடுபிடிப் பையன். ஒரு வரிசையைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் ஒரு ஷில்லிங். தலையில் பெயர் இல்லை, எண் இல்லை. வெளியே விற்றுவிட்டால் அது யாருடையது என்று எவராலும் சொல்லவியலாது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தலைகள் குறைவதைக் கணக்கேடு காட்டிக் கொடுக்காது; ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் அது நல்ல தொகையாக நிற்கும்.

*

முதலில் முயன்றவர்கள் வணிகர்கள் அல்லர் என்பது சுவையான செய்தி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் விவாத மன்றமான ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் சங்கம், தன் உறுப்பினர்கள் எழுதும் கடிதங்களுக்கான தலைகளைத் தானே வழங்கிவந்தது. அத்தலைகள் வேறு வழியில் போய்விடாதிருக்க, 1859 முதல் அவற்றின் முகத்தில் 'ஓ.யு.எஸ்.' என்ற எழுத்துகளைச் சிவப்பு மையில் அச்சிட்டுக்கொண்டது. தலையின் முகத்தில் பிறர் அச்சிடுவதை அஞ்சல் துறை விரும்பவில்லை. 1870இல் அவ்வழக்கம் முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் சில வணிக நிறுவனங்கள் தலையின் பின்புறத்தில், பசையின் பக்கத்தில், தம் பெயரை அச்சிட்டுப் பார்த்தன. ஒட்டிய பிறகு அந்தப் பெயர் கண்ணுக்குத் தெரியாது என்றாலும், ஒட்டாத தலையை விற்க வருபவனை அது காட்டிக் கொடுத்துவிடும்.

இவ்விடத்தில்தான் இலண்டனைச் சேர்ந்த ஜோசஃப் ஸ்லோப்பர் வருகிறார். காகிதத்தில் துளைகளால் எழுத்திடும் பொறி ஒன்றுக்கு அவர் 1858இல் காப்புரிமை பெற்றிருந்தார். காசோலை போன்ற தாள்களில் மையால் எழுதியதைத் திருத்திவிடலாம். குத்திய துளையைத் திருத்த இயலாது என்பதே அவர் கண்ட உண்மை. அதே பொறி தபால்தலைக்கும் பொருந்தும் என்று அவர் அஞ்சல் துறையிடம் எடுத்துரைத்தார். 1868 மார்ச்சில் இசைவு கிடைத்தது. துளையிட்ட தலைகள் கடிதத்தில் செல்லும். ஆனால் அவற்றை அஞ்சலகங்கள் திரும்ப வாங்கமாட்டா.

இந்த இரண்டாவது பகுதியே இம்முறையின் உயிர்நாடி. துளையிட்ட ஒரு தலையை எழுத்தன் எடுத்துத் தன் தாய்க்கு எழுதும் கடிதத்தில் ஒட்டினால் அதை யாரும் மறிக்கப்போவதில்லை. கடிதம் ஊர் போய்ச் சேரும். ஆனால் அதைக் காசாக்க முடியாது. அஞ்சலகம் வாங்காது, விவரமறிந்த கடைக்காரனும் வாங்கத் தயங்குவான். தலையிலிருந்த பணத்தன்மையை மட்டும் நீக்கிவிட்டு அஞ்சல்தன்மையை விட்டுவைத்தன அத்துளைகள்.

வரலாற்றின் ஒரு முரணையும் இங்கே குறிக்க வேண்டும். தொடக்கத் தலைகளுக்கு ஓரத் துளைகள் கிடையா. கத்தரியால் வெட்டியே பிரித்தனர். ஹென்றி ஆர்ச்சர் என்பவர் 1847 முதல் முயன்று தலைகளுக்கிடையே துளைவரிசையிடும் முறையை உருவாக்கினார். அரசு 1853இல் 4,000 பவுன் கொடுத்து அவரது உரிமையை வாங்கியது. 1854இல் துளைவரிசையுள்ள தலைகள் முறைப்படி வெளிவந்தன. கிழிப்பதை எளிதாக்கிய அதே துளைகள், ஒன்றிரண்டைச் சத்தமின்றிக் கிழித்தெடுப்பதையும் எளிதாக்கின. பதினான்கு ஆண்டுகள் கழித்து அதற்கு மாற்றாக வந்ததும் துளையேதான்.

*

பொறியின் இயக்கம் கடினமானதன்று. எழுத்தின் வடிவில் எஃகு ஊசிகள் நிறுத்திய அச்சு மேலே. அவ்வூசிகள் நுழையும் குழிகள் கொண்ட தகடு கீழே. இடையில் தாளை வைத்து அழுத்தினால் வட்ட வட்டமாகக் காகிதத் துணுக்குகள் உதிர்ந்து எழுத்து தோன்றும். சில அச்சுகள் ஒரு தலையை மட்டும் துளைத்தன. சில ஒரே அழுத்தில் பல தலைகளைத் துளைத்தன. வேலையை விரைவாக்கத் தாளை மடித்துவைத்துத் துளைப்பதும் உண்டு. அப்போது ஒரு பாதியில் எழுத்து நேராகவும் மறுபாதியில் கண்ணாடியில் கண்டதுபோலவும் விழும். தாளைத் தலைகீழாக வைத்துவிட்டால் எழுத்தும் தலைகீழாகும். இவ்வாறு நேர், தலைகீழ், பக்கவாட்டு இரண்டு, அவை நான்கின் கண்ணாடி வடிவங்கள் என ஒரே எழுத்து எட்டு நிலைகளில் அமைய இடமுண்டு.

ஊசிகள் காலப்போக்கில் முறியும். முறிந்த இடத்தில் துளை விழாது. இந்தக் குறைதான் இன்றைய ஆய்வாளருக்குப் பெரும் துணை. ஒரே நிறுவனத்தின் நூறு தலைகளை அஞ்சல் முத்திரைத் தேதிப்படி அடுக்கினால், எந்த ஆண்டில் எந்த ஊசி முறிந்தது, எப்போது அச்சு பழுதுபார்க்கப்பட்டது, எப்போது புதிய அச்சு வந்தது என்றெல்லாம் கூறிவிடலாம். கல்வெட்டின் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பவர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

பிரிட்டனில் பரவிய வழக்கம் பிற நாடுகளுக்கும் விரைந்து சென்றது. 1870களில் பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்சு, டென்மார்க் முதலிய நாடுகளில் துளைத் தலைகள் புழங்கின. அமெரிக்க அஞ்சல் துறை நெடுநாள் தயங்கி 1908இல்தான் இசைந்தது. பிரிட்டனில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துளை வடிவங்கள் இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளன என்றால் இவ்வழக்கத்தின் பரப்பை ஒருவாறு உணரலாம்.

அரசுகளும் தம் ஊழியர்பால் இதே ஐயத்தைக் கொண்டிருந்தன. பிரிட்டனின் வணிக வாரியம் 1881 முதல் மகுடத்தின் கீழ் 'பி.டி.' என்ற எழுத்துகளைத் துளைத்தது. ஆஸ்திரேலியக் கூட்டரசு 1913இல் தன் முதல் கங்காருத் தலைகளை வெளியிட்டபோதே, அரசு அலுவல்களுக்குரியவற்றில் 'ஓ.எஸ்.' என்று துளையிட்டது. முதலில் இட்ட எழுத்துகள் பெரியவை. அடுத்த ஆண்டே சிறியவை வந்தன. கனடாவில் 1939 முதல் அரசுத் துறைகள் அனைத்தும் 'ஓ.எச்.எம்.எஸ்.' என்று துளையிட்ட தலைகளையே பயன்படுத்த வேண்டுமென்றாயிற்று. அங்கே 'எச்' எழுத்தின் உயரத்தில் ஐந்து துளைகள் உள்ளனவா நான்கு துளைகள் உள்ளனவா என்பதைக் கொண்டே முற்பட்ட அச்சையும் பிற்பட்ட அச்சையும் பிரித்தறிகின்றனர்.

இந்தியாவில் அரசு வேறு வழியைத் தேர்ந்தது. 1866 முதலே அலுவல் தலைகளின்மேல் 'சர்வீஸ்' என்று மேலச்சு இட்டுவந்தது. ஆனால் தனியார் வங்கிகளும் ஏற்றுமதி நிறுவனங்களும் இங்கும் துளைப்பொறியையே நாடின. பருத்தியும் தானியமும் வாங்கி அனுப்பிய ராலி சகோதரர்கள் நிறுவனத்தின் எழுத்துகளை விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் மன்னர் காலத்து இந்தியத் தலைகளில் காணலாம். இலங்கையில் வணிக நிறுவனங்கள் தலைகளின்மேல் தம் பெயரை மையால் அச்சிட்டுக்கொண்ட வழக்கம் இருந்தது. ஹாங்காங்கிலும் துளைப்பொறி வருமுன் நிறுவனங்கள் தம் முத்திரையை மையால் குத்தின. அம்முத்திரைக்கு அங்கு வழங்கிய 'சாப்' என்ற பெயர் இந்திச் சொல்லிலிருந்து கப்பலேறிச் சென்றது.

1923இல் ஜெர்மனி கண்ட பணவீக்கத்தின்போது இத்துளைகள் அடைந்த நிலை தனியே சொல்லத்தக்கது. மார்க்கின் மதிப்பு நாள்தோறும் சரிந்தது. பழைய தலைகளின்மேல் ஆயிரங்களும் இலட்சங்களும் மேலச்சாக ஏறி, ஆண்டு முடிவுக்குள் ஐயாயிரம் கோடி மார்க் மதிப்புள்ள தலைவரை வெளிவந்தது. அத்தலைகளிலும் நிறுவனங்கள் தவறாமல் துளையிட்டன. பணமே பணமாக இல்லாத நாளிலும், தலையைப் பணமாக்கிவிடுவார்களோ என்னும் ஐயம் அலுவலகங்களை விட்டு நீங்கவில்லை. பழகிய வழக்கத்தின் வலிமை அத்தகையது.

*

துளைத் தலைகளின் வீழ்ச்சி பிறிதொரு பொறியால் நேர்ந்தது. தலையே இல்லாமல் உறைமேல் கட்டணத்தை அச்சிட்டு, அச்சிட்ட தொகையைத் தானே கணக்கில் வைத்துக்கொள்ளும் மீட்டர் பொறி அமெரிக்காவில் 1920இலும் பிரிட்டனில் 1922இலும் ஏற்கப்பட்டது. இழுப்பறையில் தலைத்தாள் இல்லையென்றால் திருட்டுக்கும் இடமில்லை. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் துளைத் தலைகள் அரிதாகி மறைந்தன.

மறைந்தவற்றுக்கு நேர்ந்த அவமதிப்பு பெரிது. சேகரிப்போர் உலகில் ஓட்டை விழுந்த தலை ஊனமுற்ற தலை. ஓரப்பல் ஒன்று குறைந்தாலே விலை சரியும் அவ்வுலகில், நடுமுகத்தில் இருபது துளைகள் கொண்ட ஒன்றுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? தலைமுறை தலைமுறையாக அவற்றைக் குப்பையில் இட்டனர். உயர்மதிப்புத் தலைகளாயின் துளைகளைக் காகிதக் கூழால் அடைத்து, மேலே வண்ணம் தீட்டி, குறையற்ற தலையென்று விற்ற தந்திரக்காரர்களும் உண்டு. உறையோடு கிடைத்தவற்றிலிருந்தும் தலையை மட்டும் நனைத்தெடுத்துவிட்டு உறையை எறிந்தனர். இதுவே ஈடுசெய்ய முடியாத இழப்பு.

ஏனெனில் துளை எழுத்து தன்னளவில் பாதிச் செய்தியையே தருகிறது. 'பி அண்ட் கோ' என்றிருந்தால் அது எந்த 'பி'? அந்த எழுத்தில் தொடங்கும் நிறுவனங்கள் ஒரு நகரத்திலேயே பல இருந்திருக்கும். அனுப்புநரின் பெயர் அச்சிட்ட உறையில் அத்தலை ஒட்டியிருந்தால் மட்டுமே விடை உறுதியாகும். அஞ்சல் முத்திரையில் ஊர்ப் பெயர் தெரிந்தால் தேடலின் எல்லை சுருங்கும். பழைய வணிகக் கையேடுகளோடு ஒப்பிட்டுச் சில பெயர்களைக் கழிக்கலாம். பல்லாயிரம் வடிவங்களைப் பட்டியலிட்ட ஆர்வலர்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாக உடையவரைத் தேடினர். இன்னும் பெயர் அறியப்படாத எழுத்துகள் ஏராளம்.

இந்த உழைப்புக்கு என்ன பயன் என்று வாசகர்கள் வினவலாம். நிறுவனங்களின் வாழ்வும் சாவும் இத்துளைகளில் பதிந்துள்ளன என்பது நம் விடை. பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட இரயில்வே நிறுவனங்கள் 1923 சனவரி முதல் நாளில் நான்காக ஒருங்கிணைக்கப்பட்டன. அதுவரை தனித்தனிப் பெயரோடு இயங்கியவை பல அன்றோடு பெயரிழந்தன. ஒரு துளைத் தலையின் காலத்தைக் கணிப்பவருக்கு அந்நாள் ஓர் எல்லைக்கல். நொடித்துப்போன வங்கிகளும் தீயில் அழிந்த பண்டகசாலைகளும் தம் கணக்கேடுகளை விட்டுச்செல்லாத இடங்களில், அவை யாருக்கு எங்கே எத்தனை மதிப்புள்ள அஞ்சலை அனுப்பின என்பதற்கு உறைமேல் எஞ்சிய துளைகளே சான்று. காலம் திரும்பியதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு: கனடாவின் 'ஓ.எச்.எம்.எஸ்.' துளைகளைச் சாதாரணத் தலைகளில் போலியாகக் குத்தி விற்பவர்கள் தோன்றிவிட்டனர். முன்பு துளையை மறைத்து ஏமாற்றினர். பின்பு துளையிட்டே ஏமாற்றினர்.

ஆயினும் இத்துளைகள் சொல்லாமல் விட்டதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாளியின் பெயர் அவற்றில் இருக்கிறது. அத்துளைகள் யாரைக் கருதி இடப்பட்டனவோ அந்த எழுத்தனின் பெயர் எங்கும் இல்லை. அவர்களுள் தலை திருடியவர் சிலர் இருந்திருப்பர்; கையூட்டின்றி, களவின்றி நாற்பதாண்டுகள் தலை ஒட்டி ஓய்வுபெற்றோர் அவர்களினும் மிகப் பலராக இருந்திருப்பர். துளைப்பொறி இரு சாராரையும் வேறுபடுத்தவில்லை. எல்லோரையும் ஒரே ஐயத்தால் துளைத்தது. ஊழியரை நம்பாமைக்கு ஒரு நிறுவனம் எவ்வளவு செலவிட முன்வந்தது என்பதற்கான ஆவணமாகவும் இத்தலைகளைப் படிக்கலாம். இன்றைய அலுவலகங்களின் நுழைவட்டைகளையும் கண்காணிப்புக் கருவிகளையும் ஆராயும் வருங்கால வரலாற்றாசிரியர், இவ்வழக்கத்தை அவற்றின் மூதாதை வரிசையில் வைக்கக்கூடும்.

நம் வீடுகளின் பரண்களிலும் பழைய வணிகக் குடும்பங்களின் பெட்டகங்களிலும் கட்டுக்கட்டாகக் கடித உறைகள் இன்னும் கிடக்கின்றன. வங்கிகளுடனும் ஏற்றுமதி நிறுவனங்களுடனும் கொழும்பு, பினாங்கு, இரங்கூன் நகரங்களுடனும் நடந்த எழுத்துப் போக்குவரத்தின் எச்சங்கள் அவை. எடைக்குப் போடுமுன் அவற்றின் தலைகளை ஒருமுறை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளைகள் தெரிந்தால் தலையைப் பிரிக்க வேண்டா. உறையோடு அப்படியே வைத்திருங்கள். யாரோ ஒருவர் பல்லாண்டாகத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெயர் அவ்வுறையின் மூலையில் அச்சாகி இருக்கக்கூடும்.